நாய்க்குக் கொஞ்ச நாள் வீடு: ராமநாதபுரம் கடற்கரையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம், கீழக்கரை, தேவிப்பட்டினம், தொண்டி என்று இந்தக் கரை நெடுக இருக்கிற தன்னார்வலர்கள் சேர்ந்து செய்கிற வேலை இது. காப்பகத்தில் கிடக்கும் நாய்களை வெளியே எடுத்து, நிரந்தரமாக ஒருவர் தத்தெடுக்கும் வரை ஒரு வீட்டில் தங்க வைக்கிறோம். அந்த வீட்டை வளர்ப்பு வீடு என்கிறோம். ஃபாஸ்டர் வீடு என்றும் சொல்வார்கள். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

காப்பகத்தில்தான் சோறும் தண்ணீரும் கிடைக்கிறதே, அங்கிருந்து ஏன் எடுக்க வேண்டும்?

செவலையைப் பற்றிச் சொன்னால் புரியும். மூன்று வயது பெண் நாய். இரண்டு மாதமாகக் கூண்டின் பின்மூலையில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். யாராவது கதவைத் திறந்தால் உடம்பு நடுங்கும், உதடு மேலேறிப் பல் தெரியும். கூண்டில் தொங்கிய சீட்டில் 'பயந்த சுபாவம், கடிக்கலாம்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்தவர்கள் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

உச்சிப்புளிப் பக்கம் ஓர் அக்கா தன் வீட்டுக் கொல்லையில் இடம் தருவதாகச் சொன்னார். முதல் இரண்டு நாள் செவலை துவைக்கிற கல்லுக்குப் பின்னாலேயே கிடந்தாள். வைத்த சோற்றை ராத்திரியில்தான் தின்றாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா அரிவாள்மனையில் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, தவழ்ந்த மாதிரி வந்து அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்தாளாம். 'மீனைப் பார்க்கவே இல்லை, என் காலில்தான் படுத்தாள்' என்று அக்கா போனில் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. சீட்டில் எழுதியிருந்தது கூண்டுக்குள் இருந்த நாயைப் பற்றி. செவலை யாரென்று அந்தக் கொல்லையில்தான் எங்களுக்கே தெரிந்தது. இன்று அவள் மதுரையில் ஒரு குடும்பத்தோடு இருக்கிறாள்.

இதற்காகத்தான் எடுக்கிறோம். குரைப்புச் சத்தத்துக்கும் பினாயில் வாடைக்கும் நடுவே எந்த நாயும் தன் இயல்பைக் காட்டாது. குழந்தைகளோடு எப்படி, தனியாக விட்டால் எப்படி, இடி இடித்தால் எப்படி என்பதையெல்லாம் ஒரு வீடுதான் சொல்லும். அதைக் கேட்டுத்தான் தத்தெடுப்பவர் முடிவு செய்ய முடியும். அப்புறம், ஒரு நாய் வெளியே வந்தால் காப்பகத்தில் ஓர் இடம் காலியாகிறது. காப்பகத்துக்காரர்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. நான்கு பேர் நூறு வாய்க்குப் பாடுபடுகிறார்கள்.

தெருநாய்களைப் பிடித்து வீடுகளில் விடுகிறீர்களா?

இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். காது நுனியில் சின்னதாக வெட்டு இருந்தால் அது கருத்தடை ஆன நாய் என்று அடையாளம். தெருவில் நன்றாகத் திரியும் நாயை வண்டியில் ஏற்றி வேறு ஊரில் இறக்கிவிட்டு வருவது தவறு. நாய்க்கும் அது கொடுமை. புது இடத்து நாய்கள் கடித்துக் குதறிவிடும்.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உள்ளே வருகிற நாய்கள் இனி கூடும், வெளியே போகிற வழி குறுகல். வளர்ப்பு வீடுகள் முன்னைவிட இப்போது கூடுதலாக வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

அப்படியானால் உங்களிடம் வருபவை எந்த மாதிரி நாய்கள்?

தெருவில் திரும்ப விட்டால் பிழைக்காதவை. வண்டி ஏறிக் கால் போனவை, கண் தெரியாதவை, தாயில்லாக் குட்டிகள், வீட்டில் வளர்த்துவிட்டு யாரோ கடற்கரையில் இறக்கிவிட்டுப் போனவை. ராமேஸ்வரத்துக்கு வெளியூர் வண்டிகள் எந்நேரமும் வந்துபோகின்றன. கழுத்துப் பட்டையோடு, தெருவில் சாப்பாடு தேடத் தெரியாமல் நிற்கிற நாயைப் பார்த்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும்.

மீன்பிடித் தடைக்காலம் எங்களுக்குக் கஷ்டமான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இறங்குதளத்தில் கழிவு மீன் இருக்காது. அதையே நம்பி வாழ்ந்த நாய்கள் எலும்பும் தோலுமாக ஊருக்குள் வரும், வண்டியில் அடிபடும், சண்டை போட்டுப் புண்ணாகும். வெயிலும் அப்போதுதான் உச்சம். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் வீடு தர முடிந்தாலும் சொல்லுங்கள்.

வேட்டை நாய் வகைகளும் வரும். சிப்பிப்பாறை, கன்னி, நம் மாவட்டத்தின் மண்டை நாய் ஆகியவற்றின் கலப்பு. ஓட்டத்துக்கென்றே பிறந்தவை. ஓட முடியாமல் போனதும் கைவிடப்படுகின்றன. வீட்டுக்குள் வந்தால் இவ்வளவு அமைதியான நாயைப் பார்க்க முடியாது. நாளெல்லாம் சுருண்டு தூங்கும்.

எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

குட்டியென்றால் மூன்று நான்கு வாரம். வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வயதான நாய்க்கும் கால் இழந்த நாய்க்கும் இன்னும் கூடும். உங்களால் எத்தனை நாள் முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற நாயைத் தருகிறோம்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறது. ஆடு, கோழியும் உண்டு. சரிவருமா?

நாய் இருந்தால், அதற்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். இரண்டையும் வெளியே, கயிற்றில், பத்தடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்திக் கூட்டிப் போங்கள். நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். சாப்பாடு தனித்தனி இடத்தில்.

கோழி இருக்கிற வீட்டுக்கு வேட்டை வகை நாயைத் தரமாட்டோம். அது அந்த நாயின் குற்றமும் இல்லை, உங்கள் கோழியின் குற்றமும் இல்லை. ஆட்டுக்குட்டி இருந்தால் வயதான நாயாகப் பார்த்துத் தருவோம்.

புது நாய் நல்லாத்தானே இருக்கிறது, மற்ற நாய்களோடு சேர்க்காமல் பதினான்கு நாள் எதற்குத் தனியாக வைக்கச் சொல்கிறீர்கள்?

இதில் நாங்கள் ஒரு தடவை தவறு செய்தோம். அடைமழைக் காலம். காப்பகத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதென்று மூன்று குட்டிகளை அவசரமாக எடுத்து வந்து, நாலாம் நாளே வேறு இரண்டு குட்டிகள் இருந்த வீட்டில் சேர்த்துவிட்டோம். மூன்றும் வாலை ஆட்டிக்கொண்டு, நன்றாகத் தின்றுகொண்டுதான் இருந்தன. இரண்டு நாள் கழித்து ஒன்று வாந்தி எடுத்தது. அப்புறம் ரத்தக் கழிச்சல். பார்வோ என்கிற குடலைத் தாக்கும் தொற்றுநோய். ஐந்து குட்டிகளில் இரண்டுதான் பிழைத்தன. வீட்டுக்காரர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இரண்டு ராத்திரியும் அவர் குட்டிகளுக்குப் பக்கத்தில் சொட்டுமருந்து பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து நோயாகத் தெரிய மூன்று நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதற்குத்தான் பதினான்கு நாள். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. ஒரு பங்கு ப்ளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பார்வோ வந்த வீட்டுக்கு ஓராண்டு வரை தடுப்பூசி முடியாத குட்டியை நாங்கள் தருவதில்லை.

என்னென்ன தடுப்பூசி போட்டுத் தருவீர்கள்?

குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு தொற்றுநோய்க்கும் சேர்ந்த ஊசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி எடுத்துத்தான் அனுப்புவோம். உண்ணியை லேசாக நினைக்காதீர்கள். அதனால் வரும் காய்ச்சலில் ரத்தத் தட்டுகள் குறைந்து மூக்கில் ரத்தம் வரும். நாய் இரண்டு வேளை சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். எங்கள் போன் கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

காப்பகத்திலிருந்து வீடு வரை எப்படிக் கொண்டுவருகிறீர்கள்?

பெரும்பாலும் காரில், விடியுமுன்னே. நாலு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணி வெயிலுக்குள் ஊர் சேர்ந்துவிடலாம். முந்தைய ராத்திரி குறைவாகச் சாப்பாடு, கிளம்பும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. கூண்டுக்குள் பழைய பருத்திச் சேலை. காப்பகத்தில் அது படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டையும் கிழித்துப் போடுவோம்; தெரிந்த வாசனை ஒன்றாவது கூட வரட்டும் என்று.

தீவிலிருந்து வரும் நாய்களுக்குப் பாம்பன் பாலம் ஒரு சோதனை. 1988இல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் ஏறினால் காற்று வண்டியையே தள்ளும். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறும்போது தடக், தடக் என்று சத்தம். அதுவரை அமைதியாக வந்த நாய் அங்கே கூண்டைப் பிறாண்டத் தொடங்கும். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, கூண்டின் மேல் துணியைப் போர்த்தி, மெதுவாகப் போவோம். பின்சீட்டில் ஒருவர் கட்டாயம் இருப்பார், பேசிக்கொண்டே வருவார். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை, குரல் ஒரே சீராக வர வேண்டும். எங்களில் ஒரு தம்பி கடை சாமான் பட்டியலைத்தான் சொல்லிக்கொண்டே வருவான்: அரிசி, துவரம்பருப்பு, சீரகம். நாய் காதை அவன் பக்கம் திருப்பிப் படுத்துவிடும்.

மதுரைக்கு என்றால் ராமநாதபுரத்திலும் மானாமதுரையிலும் நிறுத்துவோம். வண்டியை நிறுத்தியதும் கூண்டைத் திறக்கக் கூடாது. முதலில் கார்க் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்து, உள்ளேயே ஹார்னஸையும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) கழுத்துப் பட்டையையும் மாட்டி, இரண்டு கயிறு போட்டு, அப்புறம்தான் இறக்குவோம். பயந்த நாய் கழுத்துப் பட்டையிலிருந்து பின்பக்கமாகத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். நெடுஞ்சாலையில் ஓடிவிட்டால் பிடிப்பது ரொம்பக் கடினம்.

மேமூச்சு வாங்கி, எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு செக்கச்சிவப்பாக இருந்தால் அது வெப்பத் தாக்கு. நிழலில் படுக்கவைத்து வயிறு, தொடை, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிட்டு விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

ரயிலில் கொண்டுபோக முடியாதா? புதுப் பாலம் வந்துவிட்டதே?

2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்ற பிறகு ரயில்கள் மண்டபத்தோடு திரும்பின. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்ததும் ராமேஸ்வரம் வரை மறுபடி வருகின்றன. ஆனால் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் ஓர் அறையை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் தனியாகத்தான் போகும். ஏற்கெனவே பயந்திருக்கும் நாயை இருட்டுக் கூண்டில் ராத்திரி முழுக்க அனுப்ப எங்களுக்கு மனம் வருவதில்லை. சென்னைக்கு என்றாலும் வண்டி மாற்றி வண்டி, ஆள் மாற்றி ஆள் என்று சாலையிலேயே சேர்க்கிறோம்.

முதல் சில நாள் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பெரிய வேலை. குளிப்பாட்ட வேண்டாம், உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், பிள்ளைகள் கட்டிப்பிடிக்க வேண்டாம். ஒரு மூலையைக் காட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். டைல்ஸ் தரையில் கால் வழுக்குவதே பல நாய்களுக்குப் புது அனுபவம். கோணியை விரித்து வழி போட்டுக் கொடுங்கள். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துத் தரையோடு ஒட்டிப் படுத்த நாய்கள் உண்டு. குக்கர் விசிலும் அப்படித்தான்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நம்பும். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் இரண்டாம் நாளே 'இது ஒட்டவே மாட்டேங்குது' என்று போன் செய்பவர்களிடம் நாங்கள் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறோம்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

நீங்கள் சாப்பிடும் சோறே போதும், உப்பு, காரம், வெங்காயம், பூண்டு இல்லாமல். சூடையோ சாளையோ வேகவைத்து முள்ளை நீக்கிப் பிசைந்து கொடுங்கள். முட்டை நல்லது. வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவும் உப்பு. திராட்சை, சாக்லேட் கூடாது. மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையைக் காய்ச்சல் என்று நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. நம் பக்கம் பல இடத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். நீங்கள் குடிக்கிற தண்ணீரையே நாய்க்கும் வையுங்கள்.

கடற்கரையில் ஓடவிடலாமா?

கயிற்றோடு, தாராளமாக. கயிறு இல்லாமல் வேண்டாம், அதற்கு நிறையக் காரணம் இருக்கிறது. கரைவலையில் சிக்கி மணலில் வீசப்படும் பேத்தை மீன் விஷம். அதைத் தின்ற நாய் சில மணி நேரத்தில் கால் இழுத்துக்கொண்டு மூச்சடைத்துச் சாகும். தூண்டில் முள்ளை இரையோடு விழுங்கிவிட்டால் வாயில் தொங்கும் தங்கூசியை (தூண்டில் நரம்பை) பிடித்து இழுக்காதீர்கள். நுனியை வாய்க்கு வெளியே நீளமாக விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

இன்னொன்று பங்குனி ஆமை. ஜனவரி முதல் தனுஷ்கோடிக் கரையில் ஏறி முட்டையிடும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும். நாய் ஒரு ராத்திரியில் தோண்டித் தின்றுவிடும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். நாயைக் காப்பாற்றுகிற நாம் ஆமைக்கு எமனாகக் கூடாது.

ஊருக்குள் என்றால் சீமைக் கருவேல முள். நடை முடிந்து வந்ததும் நான்கு பாதத்தையும் விரல் விரித்துப் பாருங்கள். முள் ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் நாய் நொண்டாமலேயே நக்கிக்கொண்டும் இருக்கலாம். ஒரே பாதத்தை நக்கினால் அங்கே பாருங்கள்.

கடித்துவிட்டால்?

பல் பட்டிருந்தாலும், நகம் கீறி ரத்தம் கசிந்தாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்; ஊசி அங்கே இலவசம். கடித்த அன்று, 3, 7, 28ஆம் நாள் என்று தோலில் போடுவார்கள். ஒரு தவணையையும் விடக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். நாயை விரட்டிவிடாமல் கட்டிவைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். 'ஊசி போட்ட நாய்தானே' என்று யார் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், மருத்துவரைப் பார்க்காமல் இருக்காதீர்கள். வெறிநோய் முற்றிவிட்டால் மருந்து கிடையாது.

எங்கள் வீட்டில் தொழுகை உண்டு. நாய் வைக்க முடியாது. வேறு உதவி செய்யலாமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து அடிக்கடி வரும் கேள்வி. நாயின் எச்சில் பட்டால் மண்ணோடு சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டும் என்ற முறையை நாங்கள் அறிவோம். வீட்டில் வைக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டோம். தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியை எங்களுக்குச் சொன்னவரே கீழக்கரைக்காரர் ஒருவர்தான். அவர் வீட்டில் நாய் இல்லை. தன் வேனைத் தருகிறார், கூண்டுக்கு அடியில் விரிக்கத் தனியாக ஒரு தார்ப்பாய் வைத்திருக்கிறார். கடை வாசலில் வெயில் காலம் முழுக்க ஒரு சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கும்.

வாடகை வீடு. பரவாயில்லையா?

வீட்டுக்காரரிடம் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மறைத்து வைத்தால் பாதியில் நாயைத்தான் தூக்க வேண்டிவரும்.

செலவு?

மருத்துவம், ஊசி, கருத்தடை, பயணம் எங்கள் பொறுப்பு. சோறு உங்களால் முடிந்தால் நீங்கள், முடியாவிட்டால் நாங்கள்.

பழகிய பிறகு எப்படிக் கொடுப்பது? அழுகை வருமே.

வரும். எங்களுக்கும் வருகிறது. செவலை மதுரைக்குப் போன அன்று உச்சிப்புளி அக்கா ஒரு டப்பாவில் வேகவைத்த மீனும், தன் பழைய சேலையில் பாதியும் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் கொல்லைப் பக்கம் போகவே மனம் வரவில்லையாம். பத்தாம் நாள் அவரே போன் செய்து, 'அந்த மூணுகால் நாய்க்கு இடம் கிடைச்சிருச்சா?' என்று கேட்டார்.

நீங்களே தத்தெடுத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. அப்புறம் அடுத்த நாய்க்கு உங்கள் வீட்டில் இடம் இருக்குமா என்பதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

இடையில் முடியாமல் போனால்?

ஆஸ்பத்திரி, சாவு, வெளியூர் வேலை, எதுவும் வரலாம். சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம், ஏன் என்று கேட்க மாட்டோம். முடிந்தால் இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். தெரிந்தவர் கேட்டார் என்று நீங்களாகவே வேறு கைக்கு மாற்றிவிடாதீர்கள். அப்படிப் போன ஒரு நாயை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாய் வரும் அன்று என்ன தயாராக இருக்க வேண்டும்?

அடி அகலமான, சாயாத மண்சட்டி இரண்டு. பழைய சேலை. படுக்க ஒரு மூலை, அதில் பகல் முழுக்க நிழல். கொல்லைச் சுவர் ஐந்தடிக்குக் குறைவாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், தாண்டாத நாயாகப் பார்ப்போம். கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால் பலகை வைத்து அடைத்துவிடுங்கள். பால்காரர், கேஸ் போடுபவர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எல்லோரிடமும், கேட்டைத் திறந்தால் உடனே கொண்டியைப் போடச் சொல்லிவையுங்கள்.